அம்பாரத்துக் காவல்

அக்டோபர் 14, 2025
அறுத்த நெல்லை அம்பாரமாகக் குவித்துவிட்டு விற்கக் காத்திருக்கும் எட்டாவது நாள். எடை போட்ட நெல் மூட்டைகள் லாரி வராமல் அரசு கொள்முதல் நிலையத்தில் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. அவை நகர்ந்தால்தான் எங்கள் நெல்லுக்கு இடம்.

அக்டோபர் 16
பருவமழை தொடங்கிவிட்டதாம். இரண்டு படுதா போதாது.

அக்டோபர் 17
ஒன்றரை மணி நேரம் வெயில். ரோட்டில் கொட்டிக் காலால் அளைந்து அளைந்து காயவைத்தோம். காரில் வந்தவர் ஹாரன் அடித்து, "ரோடு என்ன உங்க களமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கோபம் ராத்திரி வரை அடங்கவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்கே போய்க் காயப்போடுவது? மெஷினில் 19.8 காட்டியது.

அக்டோபர் 20
தீபாவளி. அப்பா அம்பாரத்தடியிலேயே இருக்கிறார். அம்மா தூக்குவாளியில் இட்லி கொண்டுபோனாள். ரேஷன் அரிசி இட்லி. இங்கே எடை போடும் நெல்தான் அரவைக்குப் போய், அரிசியாகி, கார்டுக்குக் காசில்லாமல் வருகிறது. நாங்களும் வாங்குகிறோம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், தண்ணீர் வந்தது. மோட்டாருக்கு கரண்டுக் கட்டணம் இல்லை. குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாயோடு மாநில அரசு 131 சேர்த்து 2,500 தருகிறது. எல்லாம் ஊரார் வரிப்பணம், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னவர்கள் நெல் முளைப்பதற்குள் வாங்க வேண்டாமா?

தாத்தா காலத்தில் அறுத்தவர்கள், தச்சர், வண்ணார், நாவிதர் எல்லோருக்கும் அளந்த பிறகுதான் நெல் வீட்டுக்கு வருமாம். அதில் மேல் கீழ் இருந்தது, கையேந்த வைத்தது. அந்த நாள் திரும்ப வேண்டாம். ஆனால் அளக்க வேண்டியதை அன்றைக்கே அளந்தார்கள் என்கிறார் அப்பா.

அக்டோபர் 21
அப்பாவுக்கு இருமல். வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 22
மேற்குப் பக்கம் அம்பாரத்துக்குள் கை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுட்டது. ஒரு பிடி எடுத்தேன். நெல்லுக்கு நெல் வெள்ளையாக முளை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. அப்பாவிடம் காட்டவில்லை. அவருக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு நாளாக அந்தப் பக்கம் படுப்பதில்லை.

அக்டோபர் 24
ஈரப்பதம் 22 சதவீதம் வரை இருந்தாலும் நெல்லை எடுக்க அனுமதி கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதியிருக்கிறது. குழு வந்து பார்க்குமாம். சுமைதூக்குகிறவர்களும் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மூட்டை நகராவிட்டால் அவர்களுக்கும் கூலி இல்லை. ஒருவர் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 25
மறுபடி தூறல். மேலத்தெருவில் படுதா இருக்கிறதாம், கேட்கப் போகிறேன்.