கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

துக்க வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் துணையாகப் போகும் பணியாளர்கள் நாம். மனத்தை அமைதிப்படுத்த நாம் போட்டுக் காட்டும் ஒலிப்பதிவுகள் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: கண்களை மூடுங்கள், கடற்கரையில் நிற்பதாக நினையுங்கள், அலையோசையைக் கேளுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம், கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் இதைப் போடவே கூடாது. உடல் கரை சேராத சாவில், கண்ணை மூடியதும் அந்தக் கடல்தான் வரும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமெடுக்கும். கண் திறந்தே இருக்கட்டும். பாதம் இரண்டும் வெறுந்தரையில் பதியட்டும். தரையின் குளிர்ச்சி, கையில் பிடித்த செம்பின் கனம்: கவனம் நிற்க இவை போதும். முதல் வாரங்களில் இந்தப் பயிற்சியை மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். உதடு மரத்தாலோ விரல்நுனி குறுகுறுத்தாலோ மூச்சை அளவுக்கு மீறி வாங்குகிறார் என்று பொருள். நிறுத்திவிட்டுப் பேச்சுக் கொடுங்கள்.

ஜெபமாலையோ தஸ்பீஹ் மணியோ கையில் இருந்தால் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகத் தணிந்தது. கீழக்கரையில் கணவரை இழந்தவர் 4 மாதம் 10 நாள் இத்தாவில், அதாவது முஸ்லிம் பெண்கள் வீட்டிலேயே இருந்து துக்கம் காக்கும் காலத்தில், இருப்பார். அங்கே பெண் பணியாளரே போக வேண்டும்.

நோயாளியிடம் வேறு கணக்கு. நுரையீரல் நோயில் திணறுபவரிடம் “நல்லா மூச்ச இழுத்து விடுங்கய்யா” என்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. உள்ளே போன காற்றே வெளியேறாமல் தேங்கியிருக்க, அதன்மேல் இன்னொரு மூச்சை ஏற்றினால் திணறலும் பயமும் கூடும். “சுடுகஞ்சிய ஊதி ஆத்துற மாதிரி விடுங்கய்யா” என்றால் உடனே புரிகிறது. இரண்டு எண்ணி உள்ளே, நான்கு எண்ணி வெளியே. முன்சாய்ந்து உட்கார்ந்து, முழங்கைகளைத் தலையணைமேல் ஊன்றட்டும்.

பிறகு பனையோலை விசிறி. முகத்துக்கு அரையடி தள்ளி, மூக்கும் கன்னமும் குளிரும்படி ஐந்து நிமிடம் வீச வேண்டும். முகநரம்பில் படும் குளிர்காற்று திணறல் உணர்வைக் குறைக்கிறது. மேலே ஃபேன் ஓடுகிறதே என்பார்கள். அந்தக் காற்று உச்சந்தலையில் விழுகிறது, வேண்டியதோ கன்னத்தில். ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாக இருப்பவருக்கு சிலிண்டருக்காக அலைவதைவிட இதை முதலில் செய்து பாருங்கள். விசிறியை மகளிடம் கொடுங்கள். கையைப் பிசைந்துகொண்டு நிற்பவருக்கு அப்பாவுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

வலி 10க்கு 7 என்பவரிடம் எந்தப் பயிற்சியும் தொடங்காதீர்கள். மருத்துவர் எழுதிய மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். எலும்புக்குப் புற்று பரவியவரைத் தசையை இறுக்கித் தளர்த்தச் சொல்லவே வேண்டாம். வலிக்காத ஓர் இடத்தை அவரே காட்டட்டும், காதுமடலோ உள்ளங்கையோ. கவனத்தை அங்கே வைக்கச் சொல்லுங்கள்.