கடல் இல்லாத ஊரில் ஏழு பேர்

வேலூரில் கடல் இல்லை, பாலாற்றிலும் பாதி வருடம் மணல்தான். அதனால் மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு வேன் பிடித்து, சென்னைப் பக்கத்துக் கோவளம் போய்க் கடலில் நீந்திவிட்டு மதியத்துக்குள் சத்துவாச்சாரி திரும்புகிற ஏழு பேர் நாங்கள்.

2020 மார்ச் 25 ஊரடங்கோடு எல்லாம் நின்றது. மாவட்டம் தாண்ட இ-பாஸ், கடற்கரைக்குத் தடை. அப்புறம்தான் அண்ணன் ஒருவர் தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் வீடியோவில் எல்லாரையும் மொட்டைமாடிக்கு வரச் சொன்னார். தொட்டித் தூணில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, குனிந்து நின்று, தண்ணீரைத் தள்ளுவது போல இழுப்போம். பிறகு வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சு விடுவோம். ஏழு வீட்டுக் குமிழிச் சத்தமும் போனில் கேட்கும், அந்தச் சத்தத்துக்காகவே நான் எழுந்த நாட்கள் உண்டு.

ஆகஸ்டில் எங்கள் அக்கா ஒருவருக்குத் தொற்று. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஐந்தரைக்கு போனில் வருவார், பேச முடியாது, கையை மட்டும் அசைப்பார். அந்த நாட்களில் ஒருவர்கூட தவறவில்லை.

டிசம்பர் 14 அன்று கடற்கரை திறந்தது, அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டோம். மார்கழிக் கடல், அலை பெரிது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றோம், அன்றைக்கு யாரும் நீந்தவில்லை.