மெட்ரோ தண்ணீர் இணைப்பு: வேளச்சேரியில் நாங்கள் வாங்கிய விதம்

வேளச்சேரியில் ஒரு பழைய தனி வீடு வாங்கினோம். தண்ணீர் வரி ரசீதுகளை விற்றவர் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார், ஆனால் வீட்டில் மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர், வரும் குழாயே இல்லை. அவர் போர்வெல்லை வைத்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். இதில் ஏமாற்று எதுவும் கிடையாது, நிறைய பேர் வரியையும் கட்டணத்தையும் ஒன்றாக நினைத்துக் குழம்பும் இடம் இதுதான். சொத்து வரிக்காக மாநகராட்சி நம் வீட்டுக்குப் போட்டிருக்கும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. அரையாண்டுக்கு ஒரு முறை வரும், இணைப்பு இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டணம் தனி, அது இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு. அதனால் வீடு வாங்கும்போது ரசீதை மட்டும் பார்க்காமல் குழாய் எங்கே வருகிறது என்று நேரில் காட்டச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னால் சொத்து வரியை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அது முடிந்தால்தான் மற்றது நகரும், ஏனென்றால் வாரியத்தின் கணக்கு மாநகராட்சியின் மதிப்பீட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பத்திர நகல், புதுச் சொத்து வரி ரசீது, பழைய நிலுவை இல்லை என்பதற்கான ஆதாரம், இவ்வளவையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டதால் எங்களுக்கு அலைச்சல் குறைவு.

அப்புறம் டிப்போவிலிருந்து, அதாவது வாரியத்தின் பகுதி அலுவலகத்திலிருந்து, பொறியாளர் வந்து பார்த்தார். தெருவில் மெயின் என்கிற பெரிய குழாய் எந்தப் பக்கம் போகிறது, சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டி எங்கே, எவ்வளவு ஆழம், கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கிறதா, இதெல்லாம்தான் அவர் கவனம். தண்ணீர் நேராக மாடித் தொட்டிக்கு ஏறும் அளவு அழுத்தம் இருக்காது, தரைக்குக் கீழே சம்ப்பில் விழுந்து அங்கிருந்துதான் நம் மோட்டார் ஏற்ற வேண்டும். லைனிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், எங்காவது குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். வேண்டவே வேண்டாம்.

வாரியம் தரும் செலவு மதிப்பீட்டில் இணைப்புக் கட்டணத்தோடு சாலை வெட்டுக்கான பணமும் வரும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மாநகராட்சி சாலை வெட்டுவதை நிறுத்திவைக்கும், அதற்குள் முடிகிற மாதிரி விண்ணப்பம் போட்டால் நல்லது. காத்திருந்த நாட்களில் இணையத்தில் பதிந்து வாரியத்தின் லாரித் தண்ணீர் வாங்கினோம். சம்ப் கொள்ளளவை அளந்துவிட்டுப் பதியுங்கள். 6,000 லிட்டர் லாரி வந்து நிற்கும்போது சம்ப் 5,000 லிட்டர்தான் பிடிக்கும் என்றால் மிச்சத்துக்குக் குடம், பக்கெட், அண்டா எல்லாம் தேட வேண்டியிருக்கும்.

இணைப்பு கொடுத்த அன்று குழிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மெயினைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கி, துளை போட்டு, ஃபெரூல் என்கிற சின்னப் பித்தளைத் திருகை மாட்டுகிறார்கள். துளை விழுந்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்து, குனிந்திருந்தவரின் சட்டை முழுக்க நனைந்தது. அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை.

தென்சென்னையில் எங்கள் பக்கத்துக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து தண்ணீர் வருகிறது. 2013-ல் நாளுக்கு 10 கோடி லிட்டரில் ஆரம்பித்தது, 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது கைகொடுத்தவற்றில் அந்த முதல் ஆலையும் உண்டு. போர் தண்ணீரில் குழாய் வாயெல்லாம் வெள்ளையாய்ப் படியும், துவரம்பருப்பு வேகவே வேகாது. இதில் அந்தத் தொல்லை இல்லை, சோப்பும் நன்றாக நுரைக்கிறது. மாமியார் மட்டும் கிணற்றுத் தண்ணீர் ருசி இல்லை என்கிறார், சரி, அது வேறு வழக்கு.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தினால் எந்தெந்தப் பகுதிக்கு எப்போது வராது என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதைப் பார்த்ததும் சம்ப்பை நிரப்பி வைத்துவிடுகிறோம். அறிவிப்பே இல்லாமல் நின்றால் 1916-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்வோம். அடுத்த முறை பேசும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.