வாட் டிரைமித் பொன் புத்தர்: தரிசிக்கப் போகிறவர்களுக்கு

பாங்காக் போகிற நம்மவர்களில் பலர் வாட் டிரைமித் கோயிலுக்கும் போய்வருகிறார்கள். ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர் என்று கேள்விப்பட்டு நேராக நான்காம் மாடிக்கு ஏறி, நாலு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்தத் தரிசனத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதையும் மூன்றாம் மாடியில் தொடங்க வேண்டும்.

கோயில் சைனா டவுனின் நுழைவளைவுக்குப் பக்கத்தில், யாவராத் சாலைத் தொடக்கத்தில் இருக்கிறது. எம்ஆர்டி சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் ஹுவாலம்போங் நிலையத்தில் இறங்கினால் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து பத்து நிமிட நடைக்குள் வந்துவிடலாம். வழியில் யாராவது “இன்றைக்குக் கோயில் மூடல், வேறு இடம் காட்டுகிறேன்” என்று டுக் டுக் ஆட்டோவில் ஏறச் சொன்னால் நிற்காமல் நடந்துபோங்கள். பாங்காக்கின் பெரிய கோயில்கள் பலவற்றின் வாசலிலும் நடக்கிற பழைய ஏமாற்று அது. கடைசியில் ஏதாவது நகைக்கடையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். புத்தர் சந்நிதி தினமும் திறந்திருக்கும். கீழ்மாடிக் கண்காட்சிகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே திங்களைத் தவிர்ப்பது நல்லது. சந்நிதிக்கும் கண்காட்சிக்கும் தனித்தனிச் சீட்டு. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் கவுண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கே போய்விட்டால் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் அமைதியாக உட்கார முடியும்.

இப்போதுள்ள வெள்ளைப் பளிங்கு மண்டபம், பிர மகா மண்டோப், புதியது. புத்தர் இங்கே எழுந்தருளியது 2010இல். இரண்டாம் மாடியில் சைனா டவுன் வரலாறு. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம். மூன்றாம் மாடியை மட்டும் விடக்கூடாது. சிலையின் கதை அங்கேதான் இருக்கிறது.

இது தாய்லாந்தின் பழைய தலைநகரான சுகோதாயின் பாணிப் படிமம், 13 அல்லது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். சுகோதாய் நகரின் நடுவே பொன் புத்தர் படிமம் இருந்ததாக 1292ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ராம்கம்ஹேங் மன்னரின் கல்வெட்டு கூறுகிறது. அது இவரே என்று நம்புகிறவர்கள் உண்டு. பிற்காலத்தில் எவரோ படிமம் முழுவதையும் கெட்டியான சுதைப் பூச்சால் மூடி, வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டுகளும் பதித்துவிட்டார்கள். 1767இல் பர்மியப் படை அன்றைய தலைநகர் அயுத்தியாவை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. பூசியவர்களோடு அந்த ரகசியமும் போய்விட்டது.

பாங்காக் தலைநகரான பிறகு, சிதைந்த கோயில்களில் கிடந்த பழைய படிமங்களை அங்கே கொண்டுவந்தார்கள். அப்படி வந்த இவர், மன்னர் மூன்றாம் ராமர் காலத்தில் (1824–1851) வாட் சோதனாராம் கோயிலில் மூலவரானார். அந்தக் கோயில் பின்னாளில் கைவிடப்பட்டது. 1935இல் படிமத்தை வாட் டிரைமித்துக்கு மாற்றியபோது அங்கே இவ்வளவு பெரிய திருவுருவை வைக்கக் கட்டடம் இல்லை. இருபது ஆண்டுகள் தகரக் கொட்டகையின் கீழ்தான் இருந்தார். 1955 மே 25 அன்று புதிய கட்டடத்துக்கு மாற்றத் தூக்கினார்கள். சுதைப் படிமத்துக்கு இருக்கும் எடையை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. கயிறு அறுந்து சிலை தரையில் மோதியது, பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தது, உள்ளே பொன் தெரிந்தது. பூச்சை முழுக்க எடுத்தபோது, படிமம் ஒன்பது பாகங்கள் பொருந்திய அமைப்பு என்பதும், அடிப்பகுதிச் சுதைக்குள் அவற்றைக் கழற்றுவதற்கான சாவி புதைந்திருந்ததும் தெரியவந்தன. பெயர்த்தெடுத்த சுதைத் துண்டுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கனத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பொன் படிமங்கள் உலகில் எங்குமே அதிகம் மிஞ்சவில்லை. பணமுடை வந்தால் உருக்கிவிடலாம் என்பதே காரணம். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் எடுத்துவந்து திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று நம் வைணவக் குருபரம்பரைக் கதைகளே சொல்கின்றன. இவரைக் காப்பாற்றியது அந்தச் சுதைதான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான்காம் மாடிக்கு ஏறுங்கள். மண்டபப் படிகள் அதிகம், மூட்டு வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். செருப்பை வெளியே விட வேண்டும்.

பீடத்திலிருந்து உச்சிச் சுடர் வரை 3.91 மீட்டர், முழங்காலுக்கு முழங்கால் 3.10 மீட்டர். இடக்கை மடியில், வலக்கை முழங்கால் மேலிருந்து பூமியை நோக்கி: தவத்தைக் கலைக்க வந்த மாரனை வென்ற கோலம். முட்டை வடிவ முகம், வளைந்த புருவம், கூரிய மூக்கு, பாதி மூடிய கண், நெருக்கமான சிறு சுருள்முடி, அதன்மேல் எழும் சுடர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உச்சிச் சுடர் புதிதாக இருக்காது.

படிமம் முழுவதும் ஒரே மாற்றுப் பொன் அல்ல. உடலில் 40 சதவீதம், முகவாயிலிருந்து நெற்றி வரை 80 சதவீதம், முடியும் உச்சியும் 99 சதவீதம். நம் கடைகளில் வாங்கும் 22 காரட் என்பது 91.6 சதவீதம். முடிப்பகுதி மட்டும் 45 கிலோ, அதாவது 5,625 பவுன். சொக்கத்தங்கம் மிருதுவானது, பாரம் தாங்கும் உடலில் வேறு உலோகம் கலந்திருப்பது படிமத்துக்கு நல்லதே. உயர்ந்த மாற்றெல்லாம் தலைக்குப் போயிருப்பதில் அந்த ஸ்தபதிகளின் பக்தி எனக்குத் தெரிகிறது.

வணங்கும் முறை எளிது. தாய்லாந்தில் வழக்கமான காணிக்கை ஒரு தாமரை மொட்டு, ஒரு மெழுகுவத்தி, மூன்று ஊதுவத்தி, ஒரு பொன் தாள். ஊதுவத்தியை அதற்கென விட்ட இடத்தில் மட்டும் கொளுத்துங்கள். பொன் தாளை மூலப் படிமத்தில் ஒட்டக் கூடாது, அதற்கென வைக்கும் சிறிய படிமத்தில்தான் ஒட்ட வேண்டும். விரலில் வியர்வை இருந்தால் தாள் விரலோடு வந்துவிடும். பொன் தாள் வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்து, காகிதத்தின் முதுகுப் பக்கம் விரலை வைத்து அழுத்துங்கள்.

பிறகு மண்டியிட்டு “நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ ஸம்மா ஸம்புத்தஸ்ஸ” என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறை விழுந்து வணங்குகிறார்கள்: புத்தருக்கு, தம்மத்துக்கு, சங்கத்துக்கு. ஆண்கள் கால்விரல்களை ஊன்றிக் குதிகாலில் உட்காருவார்கள். பெண்கள் பாதத்தின் மேற்புறம் தரையில் படிய உட்காருவார்கள். இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிய, நடுவே நெற்றி தொட வேண்டும். இடுப்பைத் தூக்காமல் வணங்குவது அழகு. நம் சாஷ்டாங்க நமஸ்காரம் அங்கே வழக்கமில்லை, பின்னால் இருப்பவர்களுக்கும் இடைஞ்சல். எழுந்ததும் காலை நீட்டி உட்காராதீர்கள். பாதம் புத்தரை நோக்கி இருப்பதை அவர்கள் பெரும் அவமரியாதையாகக் கருதுவார்கள். பிக்குகள் எதிர்ப்பட்டால் பெண்கள் சற்று ஒதுங்கி வழிவிட வேண்டும், அவர்களைத் தொடக்கூடாது.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். மெருகேறிய பொன் ஒளியைத் திருப்பி அடிப்பதால் முகம் வெளுத்துப்போகும். செல்போன் திரையில் புத்தரின் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் குறைத்து எடுங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

வெளியே சிறிய புத்தர் சிலை வாங்க ஆசைப்படுவோருக்கு ஒன்று: புத்தர் படிமங்களைத் தாய்லாந்தைவிட்டு எடுத்துச்செல்ல அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேளுங்கள். இல்லையென்றால் விமான நிலையத்தில் சிலையை விட்டுவிட்டு வர நேரும். கழுத்தில் அணியும் சிறு ரட்சைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதே நாளில் சீலோம் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள் முதலில் இங்கே வந்துவிட்டு, பிறகு ஹுவாலம்போங்கிலிருந்து அடுத்த நிலையமான சாம் யானிலோ அதற்கடுத்த சீலோமிலோ இறங்கிக்கொள்ளலாம்.