மழையே பெய்யாத காலையில் சொட்டிய கூரை

தை மாதம் இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்கு அருகே இருக்கும் நானுஓயாப் பக்கம் மழை குறைவு. இரவு வானம் துலக்கமாக இருந்தால் பயம்தான், விடியும்போது தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகியிருக்கும். அப்படி ஒரு காலையில் புது வீட்டுத் தகரத்திலிருந்து என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"கூரை ஒழுகுது மாப்ள" என்று மேசன் வேலை செய்யும் மாமா ஏறிப்போய் ஆணித்தலைக்கெல்லாம் தார் பூசினார். மறுநாளும் சொட்டியது. மழையில்லாமல் எப்படி ஒழுகும்?

குற்றவாளி நான்தான். முன்பு இருந்த லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே கை நுழையும் சந்து இருந்தது. அதில் வரும் குளிர்காற்றைத் திட்டியே வளர்ந்தவன், சொந்த வீட்டில் சிமெந்தை அப்பி அதை அடைத்துவிட்டேன். காற்று நின்றது, ஈரம் வெளியே போவதும் நின்றது.

20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் வரை நீராவி தாங்கும். 10 பாகையில் 9 கிராம்தான். மிச்சம் குளிர்ந்த தகரத்தில் ஒட்டிக்கொள்கிறது. நாலு பேரின் மூச்சு, சோற்றுப்பானை, காயாத துணி, எல்லாம் தெரிந்ததுதான். காஸ் அடுப்பைத்தான் நான் நினைக்கவேயில்லை. காஸ் எரிந்தாலே தண்ணீர் பிறக்கும், கிலோவுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடிவதற்குள் கிட்டத்தட்ட 20 லீற்றர்!

அப்பாயியின் விறகடுப்பிலும் ஈரம் வரும். ஆனால் அந்தச் சூட்டில் தகரம் குளிராது, ஈரமும் புகையோடு சந்து வழியே போய்விடும். (அந்தப் புகையில் அப்பாயியின் கண் போனது. அதனால் பழசைப் புகழ மாட்டேன்.)

ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொடாமலிருக்க, அதற்கு அடியில் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பலகை அடித்தேன். ஒரு மாதத்தில் பலகைக்குப் பின்னால் பூசணம். பலகை ஊடாக ஈரம் ஊறுவது கொஞ்சம்தான், இடுக்கு வழியே நுழைகிற காற்றோடு போவதுதான் அதிகம். கழற்றித் துடைத்து, மூட்டுக்கெல்லாம் டேப் ஒட்டித் திரும்ப அடித்தேன். அடுப்புக்கு மேலே மட்டும் ரெஜிபோம் இல்லை, தீப்பிடிக்கும். அங்கே சுவரைத் துளைத்து வெளியே இழுக்கிற ஃபேன், எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு காற்றுத் துவாரம்.

"அடைச்ச சந்த நீயே தோண்டுறியே" என்று மாமா சிரித்தார்.

சொட்டு நின்றுவிட்டது. தென்மேற்குச் சுவரில் மட்டும் இன்னும் பெயின்ட் கொப்பளிக்கிறது. அது ஆனி, ஆடி மழை அடித்து வெளியிலிருந்து ஊறுவது. அதற்கு மாமாவின் தார் வாளிதான் சரி.