அப்பாவின் முதுகில் இருபது கட்டம்

ஜூலை 10, 2023, திங்கள்

அப்பாவுக்கு முப்பது வருஷக் கொத்தனார் வேலை. போன வருஷத்திலிருந்து இரண்டு கையிலும் வெடிப்பும் அரிப்பும். "சிமெண்ட் கடிச்சிருச்சும்மா" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தது நான்தான். அதைப் போட ஆரம்பித்தபிறகு அரிப்பு மணிக்கட்டுக்கும் ஏறியது.

இன்று மதுரையில் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட், எது ஒவ்வாது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. ஊசியும் இல்லை, ரத்தமும் எடுக்கவில்லை. நிக்கல், சிமெண்டில் இருக்கும் குரோமேட், ஹேர் டை ரசாயனம், பார்த்தீனியச் செடி என்று இருபது பொருள், பெரும்பாலும் வாசலைனில் குழைத்தவை. 8 மில்லிமீட்டர் அலுமினியக் கிண்ணம் ஒவ்வொன்றிலும் நர்ஸ் மிளகளவு பிதுக்கி வைத்தார். ஒரு பட்டைக்குப் பத்து கிண்ணம். இரண்டு பட்டையையும் முதுகில் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டார்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கக் கூடாது, முதுகில் ஸ்டீராய்டு களிம்பும் தடவியிருக்கக் கூடாது. நல்லவேளை, மருந்துக்கடைக் களிம்பை அப்பா கையில் மட்டும்தான் தடவியிருந்தார்.

ஜூலை 11, செவ்வாய்

முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. மதுரையில், ஜூலையில்! ஃபேனுக்கு முதுகைக் காட்டியே நாள் போனது.

ஒவ்வாத பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் இந்த வழியை யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மன் தோல் டாக்டர் 1895இலேயே பாதரசத்தை வைத்துக் காட்டியிருக்கிறார். உடம்பின் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) அந்தப் பொருளை அடையாளம் கண்டு திரண்டு வர நாள் பிடிக்குமாம், அதனால்தான் இவ்வளவு காத்திருப்பு.

ஜூலை 12, புதன்

48 மணி நேரம் கழித்துப் பட்டையை உரித்தார்கள். உடனே பார்க்கவில்லை. பிளாஸ்திரி அழுத்திய சிவப்பு அடங்கட்டும் என்று அரைமணி உட்கார வைத்தார்கள். மூன்று கட்டத்தில் லேசான சிவப்பு. "இப்பவே தீர்ப்பு எழுதிடாதீங்க, வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

ஜூலை 14, வெள்ளி

மூன்றில் ஒன்று சுவடில்லாமல் மறைந்துவிட்டது. அது வெறும் எரிச்சலாம். நிஜ அலர்ஜி பெரும்பாலும் நான்காம் நாள் கூடும், மறையாது. குரோமேட் கட்டத்தில் மணல் தெளித்த மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம். டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்து இரண்டு பிளஸ் போட்டார், பலமான ஒவ்வாமை என்று அர்த்தம். சிமெண்ட்தான். அப்பா என்னை ஜெயித்த மாதிரி பார்த்தார்.

அடுத்ததைக் கேட்டுத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. தையூரம் என்ற பொருளுக்கும் ஒரு பிளஸ். ரப்பரை இறுக்க அதில் சேர்க்கும் ரசாயனம். நான் வாங்கிக் கொடுத்த கையுறைக்குள் சிமெண்ட் தண்ணீரும் இறங்கி, அப்பாவின் கை இரண்டிலும் சேர்ந்து ஊறியிருக்கிறது. இனி உள்ளே பருத்தித் துணியுறை, மேலே வினைல் கையுறை. உள்ளே ஈரம் இறங்கினால் உடனே மாற்ற வேண்டும்.

ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் தண்ணீரில் கரையும் குரோமியம்-6 (குரோமேட்டில் இருப்பது இதுதான்) இரண்டு பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்பு சல்ஃபேட் கலந்து குறைத்துவிடுகிறார்கள். படித்ததும் எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அப்பா ஐந்து நாளுக்கப்புறம் குளித்தார். நான்தான் முதுகு தேய்த்தேன். நர்ஸ் போட்ட கோடு சோப்புக்கும் போகவில்லை. "இருக்கட்டும் விடு, அளவுக்கோடுதானே" என்றார்.

பழைய கையுறையைச் சித்தாளுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார். வாங்கி வெளியே போட்டேன்.