எலும்பு எங்கே?

"வெளிச்சம் கிடக்கட்டும், எலும்பு எங்கே?" என்று, ஃபோட்டோஷாப்பில் வரைந்த ஒரு படத்தைக் காட்டிய, என்னிடம் வேலை பழகும் பெண்ணைக் கேட்டேன். தோலுக்கு அடியில் எலும்பின் மேடு பள்ளம் தெரியவில்லை என்று அர்த்தம். கேட்ட நேரத்தில் சரியான கேள்வியாகத்தான் பட்டது.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சடியில வெளிச்சமே அப்படித்தானே விழுது, அண்ணே?" மலேசியாவின் லெபு பசார் தெருவில், அஞ்சடியில், அதாவது கடைகளின் மேல்மாடிக்குக் கீழே ஓடும் நடைபாதையில், மாலை கட்டும் ஒரு பாட்டியின் உருவம். கன்னம், தோள், முழங்கை மூன்றும் ஒரே வழுவழுப்பு. ஸ்மட்ஜ், விரலால் தேய்ப்பது போல் நிறத்தை இழுக்கும் கருவி, 80 விழுக்காட்டில், நீள நீளமான இழுப்புகள், எல்லாம் ஒரே லேயரில் (கண்ணாடித் தாள் மாதிரியான ஓர் அடுக்கு). லேயரைத் தூக்கிவிட்டு மூன்று டோனில், வெளிச்சம்-இருட்டின் மூன்றே படியில், மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன்.

அந்த ஃபைலில் குறை இல்லாமல் இல்லை. 80-இல் ஸ்மட்ஜ் வைத்தால் பேனா நுனி ஒரு நிறத்தை வெகுதூரம் இழுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு இழுப்பும் இரண்டு பக்கத்தையும் சராசரியாக்கும். வெளிச்சப் பக்கம் ஆரஞ்சு, நிழல் பக்கம் நீலம் என்றால் நடுவில் விழுவது சாம்பல். மாநிறத் தோலில் இது இன்னும் மோசம். உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். இதற்கு மருந்து ஸ்மட்ஜைக் குறைப்பது மட்டுமல்ல. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும்விட நிறம் கூடிய ஒரு பட்டையை, செம்பழுப்போ செங்கல் நிறமோ, மென்மையான வட்ட பிரஷ்ஷில் தனியாக வைக்க வேண்டும். ஹார்ட்னெஸ் (விளிம்பின் கூர்மை) 0, ஒப்பாசிட்டி (நிறம் மறைக்கும் உச்ச அளவு) 100, ஃபுளோ (நிறம் வழியும் வேகம்) 8 முதல் 12, பேனா அழுத்தம் ஃபுளோவைக் கட்டுப்படுத்தும்படி. ஒப்பாசிட்டியைக் குறைத்தால் ஒரு கோட்டுக்குள் அந்த அளவுக்கு மேல் நிறம் ஏறாது. ஃபுளோவைக் குறைத்தால் அதே கோட்டுக்குள் தேய்க்கத் தேய்க்க ஏறும். தோலுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அதற்கு முன்னால், இரண்டு டோன் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடத்தில் ஆல்ட் அழுத்தி நிறம் எடுத்து, அந்த இடைநிறத்தையே திட்டாக வைத்து நிரப்பினால் பாதிக் கலப்பு ஸ்மட்ஜ் இல்லாமலே முடிந்துவிடும். மிச்சத்துக்கு ஸ்மட்ஜ், 30 முதல் 40 விழுக்காட்டில். விளிம்பின் குறுக்கே குட்டிக் குட்டி வளைவுகளாக. விளிம்போடு சேர்ந்து ஓடினால் நிறம் நகருமே தவிரக் கலக்காது. எல்லாவற்றுக்கும் மேல், காலி லேயர் ஒன்றைப் போட்டு 'எல்லா லேயரிலிருந்தும் எடு' என்பதை டிக் செய்துவிட்டு அதில் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் தூக்கச் சொல்லவே தேவை வந்திருக்காது, அந்த லேயரை மட்டும் அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கலாம். இதைச் சொல்லித் தர வேண்டியது யார் என்று கேட்டால் பதில் எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி. அதில் தப்பே இல்லை. நிழல் விளிம்பு எவ்வளவு மென்மை என்பதை முதலில் தீர்மானிப்பது வெளிச்சம் வரும் இடத்தின் அகலம். அஞ்சடிக்குள் உச்சிச் சூரியன் நேரே வராது, மேல்மாடி மறைத்துக்கொள்ளும். திறந்த தெரு முழுக்க ஒரே விளக்காக நிற்கிறது. நடுப்பகலில் தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் பட்ட வெயில் கீழிருந்து எழும்பி, தாடைக்கு அடியில், மூக்கின் அடிப்புறத்தில் சூடான வெளிச்சம் போடும். அங்கே உட்கார்ந்திருக்கும் முகத்தில் கத்தி மாதிரி நிழல் வைத்தால் அதுதான் பொய். மூன்று டோனில் ஆரம்பி என்றபோது நான் வைக்கச் சொன்னது அதைத்தான்.

என் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. ஈர வண்ணம் போல நிறங்களைக் கலக்கும் மிக்சர் பிரஷ் ஃபோட்டோஷாப்பில் 2010-இல் சிஎஸ்5 பதிப்போடுதான் வந்தது. அதற்கு முன் தொழில் பழகியவர்களுக்கு மென்மை என்றாலே ஏர்பிரஷ், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மங்கலாக்கும் காஸியன் பிளர்: கல்யாண பேனரில் மூக்கே இல்லாமல் சிரிக்கும் மாப்பிள்ளை முகம். அந்த பயம் கையில் ஒட்டிக்கொண்டது. மிக்சர் பிரஷ்ஷில் வெட் (ஈரம்) 40, லோட் (பிரஷ் ஏற்றும் நிறம்) 10, மிக்ஸ் (கலப்பு) 60 என்று வைத்துத் தட்டையான முனையில் இழுத்தால் எண்ணெய் வண்ணம் போலத் தடம் தெரியும்; அதை யாரும் பிளர் என்று சொல்ல மாட்டார்கள். அதையாவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்தக் கேள்வியை நானே எனக்குப் போட்டுப் பார்க்கிறேன். பெரிய வெளிச்சத்திலும் எலும்பு தெரியும்; கூர்மையில் இல்லை, அகலத்தில். கன்னச் சதையில் டோன் மாற நாற்பது பிக்சல் எடுக்கிறதென்றால் புருவ மேட்டில் பதினைந்து, கழுத்தெலும்பில் பத்து, விரல் முட்டியில் ஆறு. எல்லாமே மென்மைதான், ஒரே அளவு மென்மை இல்லை. அவள் படத்தில் எல்லாம் நாற்பது. அப்படியானால் கேள்வி சரி, தண்டனை தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் பார்த்தேன். ஆனால் படம் செத்துக் கிடந்ததற்கு முக்கியக் காரணம் எலும்பே இல்லை. உதடு சேரும் கோடு, இமை மடிப்பு, மூக்குத் துவாரம், நாரும் விரலும் தொடும் இடம்: வெளிச்சமே நுழையாத இந்த இடுக்குகள் எந்த வெளிச்சத்திலும் இருட்டாக, கூர்மையாகத்தான் இருக்கும். ஸ்மட்ஜ் அவற்றையும் தின்றுவிட்டிருந்தது. ஏழெட்டு இடத்தில் அழுத்தமான கோடு போட்டிருந்தால் மிச்ச மென்மை அத்தனையும் நின்றிருக்கும். பத்து நிமிட வேலை. அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் 'எலும்பு' என்ற சொல்லின் கம்பீரத்தை விட்டுக்கொடுத்திருப்பேனா என்று சந்தேகம்.

படம் மூன்றடிக் கேன்வாஸில் அச்சாகிப் போனது. எட்ட நின்று பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் தெரியாது, யாரும் குறை சொல்லவில்லை. பின்னணி இருட்டில் மட்டும் பட்டை பட்டையாக விழுந்தது. 8 பிட் ஃபைல். ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு அடிப்படை நிறத்துக்கு, 256 படிதான், அகலமான இருட்டுக்கு அது போதாது. 16 பிட்டில் வரைந்து கடைசியில் 1 விழுக்காடு நாய்ஸ், பொடிப் புள்ளிகள், தூவியிருந்தால் மறைந்திருக்கும். அதைச் சரிபார்க்க வேண்டியவனும் நான்தான்.

அவளுடைய இப்போதைய ஃபைலில் ஸ்மட்ஜ் தனி லேயரில் இருக்கிறது, 35-இல். அதற்கு மேலே 'எலும்பு' என்று பெயர் வைத்த இன்னொரு லேயர். திறந்து பார்த்தேன். கழுத்தெலும்பில் இரண்டு சின்னத் தடம், வேறொன்றும் இல்லை. கேலியா, பாடமா என்று நான் கேட்கவில்லை.